மாமாவின் மூச்சும் சில ஆங்கிலச் சொற்களும்

நான் வேலை பார்த்த மெட்ரிகுலேஷன் பள்ளியை மூடிவிட்ட பிறகு, விருத்தாசலம் பாலக்கரைப் பக்கம் ஒரு சின்ன நெஞ்சு ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை கிடைத்தது. டோக்கன் கொடுப்பது, செருப்பை வெளியே விடச் சொல்வது, கரண்டு போனால் இன்வெர்ட்டரை உதைப்பது, இவற்றுக்கு நடுவில் மொழிபெயர்ப்பது. மொழிபெயர்ப்புதான் முக்கியமான வேலை. டாக்டரம்மா ஒடிசாக்காரர். கணவருக்கு நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை என்பதால் இந்தப் பக்கம் வந்தவர். 'வாங்க', 'உக்காருங்க', 'மூச்ச இழுங்க', 'வுடுங்க' என்பதைத் தாண்டி அப்போது அவருக்குத் தமிழ் தெரியாது.

நான் எம்.ஏ. ஆங்கிலம். பல வருஷம் பிள்ளைகளுக்கு வினைச்சொற்களை மூன்று காலத்திலும் ஒப்பிக்க வைத்தவன். மூச்சு வாங்குகிறது என்பதை ஆங்கிலத்தில் சொல்வது ஒரு வேலையா என்ற தெம்போடுதான் முதல் நாள் போனேன்.

முதலில் வந்தவர் கம்மாபுரம் பக்கத்து அம்மா ஒருவர். மகனுடைய வண்டியில் பின்னால் உட்கார்ந்து காற்றெல்லாம் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். டாக்டர் எதிரில் உட்கார்ந்ததும் நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்: "உள்ள பூனக்குட்டி கத்துதுங்க. பகல்ல ஒண்ணுதான். ராத்திரியானா நாலஞ்சு ஆயிடுது."

எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதும் வரிசையாக வந்து நின்று கையை விரித்தது. வேறு வழியில்லாமல் அப்படியே சொன்னேன். இவர் நெஞ்சுக்குள் ஒரு பூனைக்குட்டி அழுகிறது, இரவில் அதன் எண்ணிக்கை கூடுகிறது என்று.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஸ்டெதாஸ்கோப்பை அந்த அம்மாவின் முதுகில் வைத்து, கண்ணை மூடிக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "சரியாகத்தான் சொல்கிறார். நாலைந்து இருக்கின்றன. இதற்கு வீஸ் என்று பெயர்" என்றார்.

வீஸ் எனக்குத் தெரியாத சொல் இல்லை. வீசிங் என்று ஊரே சொல்கிறது. எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு வீசிங்தான். ஆனால் ஊரே சொல்கிற அந்தச் சொல்லைப் பூனைக்குட்டியோடு சேர்த்து வைக்க எனக்குத் தோன்றவில்லை. அதுதான் உறுத்தியது. மத்தியானம் சோற்று டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டே போனில் அகராதியைத் தேடினேன். அந்தச் சொல் வடகடல் கப்பல்காரர்களின் பழைய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்திருக்கலாமாம். அங்கே அதற்குச் சீறுவது என்று பொருள். பாம்பு சீறுகிறதே, அந்தச் சீறல்.

இதை மறுநாள் காத்திருப்பு அறையில் பெருமையாகச் சொன்னேன். சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த ஒரு பெரியவர் ஒத்துக்கொள்ளவே இல்லை.

"அது நம்ம தமிழுதான் தம்பி. காத்து வீசுதா இல்லியா? வீசுறதுனால வீசிங்கு. இதுல கப்பக்காரன் எங்கேருந்து வந்தான்?"

பக்கத்தில் இருந்த எல்லாரும் அவர் கட்சி. நான் தனியாகக் கப்பலில் நின்றேன்.

அதிலிருந்து எனக்கு இது ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது. ஒரு சத்தம் வந்தால் அதற்கு ஆங்கிலத்தில் என்ன பெயர், அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று மத்தியானத்துக்குள் தெரிந்தாக வேண்டும். டாக்டரம்மாவும் இதற்குத் தூபம் போட்டார். உள்ளே மூச்சை இழுக்கும்போது தொண்டையிலிருந்து கீச்சென்று வந்தால் அது ஸ்ட்ரைடர் என்று அவர் சொல்வார். அது லத்தீனில் கிரீச்சிடுவது, எண்ணெய் போடாத கதவு மாதிரி என்று நான் தேடி வந்து சொல்வேன். ரேல் என்றால் நுரையீரலில் நீர் கோத்திருக்கும்போது கேட்கும் சலசலப்பு. அது பிரெஞ்சுச் சொல். கானாங்கோழி வகைப் பறவைகளுக்கு ஆங்கிலத்தில் இருக்கும் ரெயில் என்ற பெயரும் அதே தொண்டைக் கரகரப்பிலிருந்து வந்தது என்று ஒரு கருத்து உண்டு. இதைச் சொன்ன அன்று டாக்டரம்மா ஒரு நோயாளியின் முதுகில் கருவியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "கோழி" என்றார் தமிழில். அந்த மனிதர் பயந்துபோய், "கோழி சாப்பிடக் கூடாதாங்க?" என்று கேட்டார்.

ஒருமுறை டாக்டரம்மா நேராகவே ஒரு விவசாயியிடம் ஆங்கிலத்தில் கேட்டுவிட்டார். படியேறும்போது பேன்ட் செய்கிறீர்களா என்று. இரைக்கிறதா என்பதைத்தான் அப்படிக் கேட்டார். அவர் தன் இடுப்பைக் குனிந்து பார்த்துவிட்டு, "இல்லீங்கம்மா, எப்பவும் வேட்டிதான்" என்றார்.

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே வந்து அந்தச் சொல்லைத் தேடினேன். அதன் கொள்ளுப்பாட்டன் ஒரு கிரேக்கச் சொல். இல்லாததை மனத்தில் உருவாக்கிக் காண்பது அதன் பொருள். அது லத்தீனுக்கு வந்து கெட்ட கனவு நெஞ்சை அழுத்துவதாக மாறி, பிரெஞ்சில் மூச்சுத் திணறலாகி, ஆங்கிலத்தில் இரைப்பு ஆகிவிட்டது. நம் ஊரில் தூக்கத்தில் நெஞ்சின் மேல் ஏறி உட்காரும் அமுக்குவான் பேய் இருக்கிறதே, அந்தப் பேய்தான் கடல் தாண்டிப் போய் ஆங்கில அகராதியில் குடியேறியிருக்கிறது. ஃபேன்டஸி என்ற சொல்லும் அதே வம்சம். படியேறி இரைக்கிறவரும் பகல்கனவு காண்கிறவரும் பங்காளிகள்.

எனக்குத் தமிழ்ச் சொற்களிலும் புத்தி வந்தது. 'இழுக்குது' என்ற சொல் எவ்வளவு ஆபத்தானது என்பது அங்கேதான் புரிந்தது. பிள்ளைக்கு இழுக்குது என்றால் மூச்சிழுப்பு. கிழவருக்கு இழுத்துக்கிட்டிருக்குது என்றால் சொந்தபந்தத்துக்குச் சொல்லி அனுப்பும் நேரம். வெள்ளைக்காரருக்கும் இதே பாடுதான். நெஞ்சில் வைத்துக் கேட்கும் கருவியை முதலில் செய்த பிரெஞ்சு டாக்டர், ரேல் என்று நோயாளி காதுபட சொல்லமாட்டாராம். அந்த ஊரில் ரேல் என்றாலே சாகும்போது தொண்டையில் வருகிற சத்தம் என்று ஜனங்கள் நினைத்தார்கள். அதனால் நோயாளி முன்னால் மட்டும் ராங்கஸ் என்று வேறொரு சொல்லைப் போட்டாராம். அது கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்கு வந்தது. அர்த்தம் என்ன தெரியுமா? குறட்டை.

குறட்டை என்று வந்துவிட்டதால் இனி என் மாமாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மாமா என்றால் அக்கா புருஷன். செராமிக் தொழிற்பேட்டையில் சின்ன யூனிட் வைத்திருக்கிறார். மண் கூழை அச்சில் ஊற்றி, குதிரை, யானை, உண்டியல், பிள்ளையார் எல்லாம் செய்து, சூளை வைத்து, வண்ணம் பூசி அனுப்புவது. ஆள் நல்ல கனம். கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, காய வைத்த குதிரைகளுக்கு நடுவில் ஒரு பெஞ்சில் சாய்ந்தார் என்றால் பக்கத்து யூனிட்காரர்களுக்கு மணி இரண்டு ஆகிவிட்டது என்று தெரிந்துவிடும். அவ்வளவு சத்தம். அவரிடம் வேலை செய்கிற பெண்கள் அதை 'மோட்டார் போட்டாச்சு' என்பார்கள்.

ஆனால் மாமாவிடம் கேட்டால், அவர் வாழ்நாளில் குறட்டை விட்டதே இல்லை.

"நான் எங்க தூங்குனேன்? கண்ண மூடி யோசிச்சிட்டிருந்தேன்" என்பார்.

"யோசனைக்கு இவ்ளோ சத்தமா வரும்?" என்று அக்கா கேட்பாள்.

"பெரிய யோசனைன்னா வரும்."

ஒரு நாள் அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். தனக்குச் சளி என்று சொல்லி டோக்கன் வாங்கினாள். உள்ளே போய் உட்கார்ந்ததும் தன் சளியை விட்டுவிட்டு மாமாவைப் பற்றி ஆரம்பித்தாள்.

"கொர்ருன்னு வருது, அது பழகிப்போச்சு. அது பத்தி நான் பேச வரல. திடீர்னு ஒண்ணுமே இருக்காது. செத்த நேரம் சத்தமே இல்ல. எனக்கு முழிப்பு தட்டிடும். நெஞ்சு ஏறி எறங்குதான்னு கைய வச்சிப் பாப்பேன். அப்புறம் கெணத்துல முங்கனவன் தலைய தூக்குனாப்ல ஒரு இழுப்பு இழுப்பாரு பாரு, கட்டிலே ஆடும். மறுபடியும் கொர்ரு. வெடிய வெடிய இதான்."

நான் டாக்டரம்மாவிடம் சொன்னேன்: "இவர் கணவர் சத்தமாகக் குறட்டை விடுகிறார்."

டாக்டரம்மா என்னை உற்றுப் பார்த்தார். "அவர் இவ்வளவு நேரம் பேசினார். கையைக் காலை ஆட்டிப் பேசினார். நீங்கள் சொன்னது ஒரு வரி. மிச்சம் எங்கே?"

மாமா குறட்டை எங்கள் வீட்டில் கிண்டலுக்கான விஷயம். அதை வியாதியாக நான் காதில் வாங்கவே இல்லை. இப்போது ஒவ்வொன்றாகச் சொன்னேன். முதலில் ஸ்நோர். பிறகு நிசப்தம். கிணற்றிலிருந்து தலை தூக்குவதற்குச் சொல் தேடினேன். ஸ்நார்ட்டா? அது மூக்கால் உறுமுவது, ஒரு காலத்தில் அதற்கே குறட்டை என்றும் பொருள் இருந்தது. பஃப்? அது ஊதுவது. மூச்சுக்குத் திணறி வாயால் இழுப்பதற்கான சொல் கடைசியில் கிடைத்தது. காஸ்ப்.

காஸ்ப் என்றதும் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "பகலில் எங்கே உட்கார்ந்தாலும் தூங்கிவிடுவாரா?"

"டீக்கடையில நின்னுக்கிட்டே தூங்குவாருங்க" என்றாள் அக்கா. அதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை, அவள் நின்று காட்டிவிட்டாள்.

"வண்டி ஓட்டுகிறாரா?"

நான் அதைத் தமிழில் கேட்டதும் அக்கா முகம் மாறிவிட்டது. போன மாதம் மாமா மணிமுத்தாற்றுப் பாலத்தில் ஸ்கூட்டரைச் சுவரில் உரசியிருந்தார். மாடு குறுக்கே வந்தது என்று சொல்லியிருந்தார். எந்த மாட்டையும் யாரும் பார்க்கவில்லை.

"உடனே கூட்டி வரச் சொல்லுங்கள்" என்றார் டாக்டரம்மா. அந்த நிசப்தத்துக்கு ஆப்னியா என்று பெயர் சொன்னார். கிரேக்கத்தில் மூச்சு இல்லாமை. தூக்கத்தில் தொண்டை அடைத்துக்கொண்டு மூச்சு நின்று நின்று வருவது. அன்று மத்தியானம் காஸ்ப் என்பதையும் பார்த்தேன். அதுவும் கப்பல்காரர்களின் சொல்தான். அவர்கள் மொழியில் வெறும் கொட்டாவி. கொட்டாவியாக இருந்தால் தேவலையே என்று இருந்தது.

மாமா வருவாரா? "எனக்கு என்னா கேடு? நெஞ்சு ஆஸ்பத்திரிக்கு எதுக்கு வரணும்? உங்கக்காவுக்குத் தூக்கம் வரலன்னா அவளுக்கு மாத்திர வாங்கிக் குடு மாப்ள" என்று என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் டீ கொடுத்தார், அவ்வளவுதான்.

அப்புறம்தான் அக்கா, டாக்டரம்மா, நான் மூன்று பேரும் சேர்ந்து சதி செய்தோம். சதிக்கு கான்ஸ்பிரசி என்று இருக்கும் ஆங்கிலச் சொல்லைப் பிரித்தால் லத்தீனில் 'சேர்ந்து மூச்சு விடுதல்' என்று வரும். ஒரு மனிதனின் மூச்சுக்காக மூன்று பேர் சேர்ந்து மூச்சு விட்டோம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரி மேசைகளில் வைக்க டாக்டரம்மாவுக்குப் பொம்மைகள் வேண்டும், மாதிரியோடு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நேரில் வரவும் என்று மாமாவிடம் சொன்னேன். சாப்பிட்டுவிட்டு என்பதை அழுத்திச் சொன்னேன். டாக்டரம்மா, "பொய் சொல்ல மாட்டேன். ஒரு குதிரை கட்டாயம் வாங்குவேன்" என்றார்.

மாமா வெள்ளை வேட்டி சட்டையில், அட்டைப்பெட்டியில் வைக்கோல் போட்டு நாலு குதிரைகளோடு வந்தார். உட்காரச் சொன்னேன். ஃபேனுக்கு நேர் கீழே இருந்த நாற்காலியை நான்தான் காலியாக வைத்திருந்தேன். அக்கா ஏற்கெனவே மூலையில் முந்தானையைத் தலைக்குப் போட்டு உட்கார்ந்திருந்தாள். மாமா அவளைக் கவனிக்கவே இல்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரில் இருந்த நுரையீரல் படத்தைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தார். தலை மெல்லச் சரிந்தது.

மோட்டார் போட்டாச்சு.

முதலில் நோயாளிகள் எல்லாரும் சிரித்தார்கள். இருமிக்கொண்டிருந்த ஒருவர் இருமலை நிறுத்திவிட்டுக் கேட்டார். "நெல்லறுக்குற மெஷினு வரப்புல ஏறுனாப்ல இருக்குது" என்றார் ஒருவர். "இல்லல்ல, போர்வெல் லாரி" என்றார் இன்னொருவர். ஆளாளுக்கு உவமை சொன்னார்கள். நான் பெட்டியை மெதுவாக அவர் மடியிலிருந்து எடுத்தேன். விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவியை அக்கா கொண்டுவந்து அவர் ஆள்காட்டி விரலில் பூப்போல மாட்டினாள். டாக்டரம்மா அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார்.

அப்போது சத்தம் நின்றது.

நின்றது என்றால் சுத்தமாக நின்றது. ஃபேன் ஓடுவது கேட்டது. தெருவில் பஸ் ஹாரன் கேட்டது. மாமாவின் வாய் திறந்திருந்தது, நெஞ்சு அசைய முயன்றது, ஆனால் காற்று போகவில்லை. சிரித்தவர்கள் எல்லாரும் சிரிப்பை முகத்தில் வைத்துக்கொண்டே அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தார்கள். கருவியில் எண் இறங்க ஆரம்பித்தது. ஒரு அம்மா எழுந்து நின்று, "ஐயோ, யாராச்சும் ஆள எழுப்புங்களேன்!" என்றார். அக்கா சேலையின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் இதை எத்தனையோ இரவுகள் தனியாகப் பார்த்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பிறகு வந்தது அந்த இழுப்பு. நாற்காலி தரையில் தேய்ந்து நகர்ந்தது. மாமா கண்ணைத் திறந்தார். எதிரில் ஊரே நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "யாருங்க அது, கொறட்ட வுட்டது?"

எழுந்து நின்றிருந்த அம்மாவுக்கு வந்ததே கோபம். "நீதான்யா! மூச்சு நின்னுபோயி கெடந்த. எங்களுக்கு உயிரே இல்ல!"

அக்கா முந்தானையை இறக்கினாள். மாமா அவளைப் பார்த்தார், விரலில் மாட்டியிருந்ததைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப குதிர வாங்கலயா?" என்று மட்டும் கேட்டார்.

டாக்டரம்மா ஒரு குதிரையை வாங்கினார். மாமாவைப் பரிசோதனைக்குப் புதுச்சேரிக்கு எழுதிக் கொடுத்தார்.

அங்கே தலையிலும் நெஞ்சிலும் காலிலும் ஒயர்களை ஒட்டிப் படுக்க வைத்தார்கள். "கோயில் திருவிழாவுக்கு சீரியல் செட்டு கட்னாப்ல கட்டிப்புட்டாங்க மாப்ள. எரியாததுதான் பாக்கி" என்று வந்து சொன்னார். முடிவு நாங்கள் பயந்தபடியே இருந்தது. உடம்பைக் குறைக்க வேண்டும், அதுவரை தூங்கும்போது மூக்கில் ஒரு முகமூடி. அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் மறுமுனையில் காற்றை அழுத்தி அனுப்பும் சின்ன மெஷின்.

முகமூடியைப் பார்த்ததும் மாமா மறுபடியும் முரண்டு பிடித்தார். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "நான் செய்யற பிள்ளையாருக்கே தும்பிக்க இவ்ளோ நீளம் கெடையாது" என்றார். அன்று காத்திருப்பு அறையில் மாமா தூங்கி மூச்சு நின்ற காட்சியை யாரோ ஒரு நோயாளி போனில் வீடியோ எடுத்திருந்தார். அக்கா அதை வாங்கி வைத்திருந்தாள். அதைப் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மாமா அதை முழுதும் பார்த்தார். தன் மூச்சு நின்ற இடத்தைப் பார்த்தார். அந்த இடத்தில் படத்துக்குள் அக்கா சேலையைக் கடித்துக்கொண்டு நிற்பதையும் பார்த்தார். போனை மேசையில் வைத்துவிட்டு என்னிடம், "இத எந்தப் பக்கம் மாட்டணும்?" என்று முகமூடியை நீட்டினார்.

ஒரு வாரம் கழித்து அவரைப் பார்த்தபோது முகத்தில் பத்து வருஷம் குறைந்திருந்தது. "மாப்ள, நான் இத்தன நாளா தூங்கவே இல்லடா" என்றார். அவர் இவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டிருந்தது ஒரு வகையில் உண்மைதான்.

ஆனால் யூனிட்டில் வேலை செய்கிற பெண்கள் என்னைப் பார்த்ததும் சூழ்ந்துகொண்டார்கள். "ஏன் சார், அந்த மெஷின எப்பவாச்சும் நிறுத்தக் கூடாதா? முன்னல்லாம் மத்தியானம் மோட்டார் ஓடற வரைக்கும் நாங்க நிம்மதியா உக்காந்து பேசுவோம். இப்ப சாப்ட்டதும் நேரா எங்க பக்கத்துல வந்து நின்னுடறாரு. இந்தக் குதிர கண்ணு கோணலா இருக்குது, அந்த யானைக்கு வாலக் காணோம்னு ஒரே பேச்சு." அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

மாமாவுக்கும் இப்போது என் பைத்தியம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. "கொறட்டைக்கு இங்கிலீஷ்ல என்னா?" என்று கேட்டார்.

"ஸ்நோர்."

"சத்தமே சரியில்லியே. அது என்னா ஸ்நோரு, சோறுன்னுட்டு."

பழைய ஆங்கிலத்தில் மூச்சுச் சத்தங்களுக்கென்றே ஒரு குடும்பம் இருந்ததைச் சொன்னேன். அந்தச் சொற்கள் எல்லாம் 'ஃப்ன' என்று தொடங்கும். மூச்சுக்கு ஒன்று, மூச்சு சீறுவதற்கு ஒன்று, தும்மலுக்கு ஒன்று. பிறகு அந்த 'ஃப்ன' வழக்கொழிந்துபோய் 'ஸ்ந' அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கால எழுத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், ஒன்றை இன்னொன்றாகப் படித்துவிட்டார்கள் என்றும் சொல்கிறார்கள். எப்படியோ தும்மல் மாதிரியான சொற்கள் கட்சி மாறிவிட்டன.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்து, "ஃப்ன" என்று சொல்லிப் பார்த்தார். மூக்கு விடைத்தது, தொண்டை அதிர்ந்தது, பெஞ்சு கொஞ்சம் ஆடியது. அவர் அச்சு அசலாகக் குறட்டை விட்டார், அதுவும் முழு விழிப்போடு.

"இதான்டா சரியான சொல்லு! இத எதுக்கு மாத்துனானுங்க?"

அவருடைய வியாதியின் பெயரில் இருக்கும் கிரேக்கச் சொல்லும் இந்த 'ஃப்ன'வும் வெகு காலத்துக்கு முன் ஒரே வேரிலிருந்து பிரிந்தவை என்பதையும் சொன்னேன். "அப்ப தும்மலும் நானும் சொந்தம்" என்று திருப்தியாகத் தலையாட்டினார்.

இதெல்லாம் சரியாகிப்போனது என்று நினைத்திருந்தபோது அக்கா கண்ணெல்லாம் வீங்கி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். தூக்கம் வரவில்லையாம்.

"சத்தமே இல்லாம என்னமோ போல இருக்குதுடா. இத்தினி வருஷம் அந்தச் சத்தத்த வச்சித்தான் ஆளு இருக்காருன்னு தெரியும். இப்ப ஒண்ணுமே கேக்கல. எழுந்து எழுந்து மூஞ்சிகிட்ட குனிஞ்சி பாக்கறேன். அந்த மெஷினு உஸ்ஸுன்னு என் மூஞ்சில ஊதுது."

டாக்டரம்மாவுக்கு அப்போது தமிழ் ஓரளவு வந்துவிட்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "பயப்படாதீங்க. சத்தம் இல்லன்னா நல்லா இருக்காருன்னு அர்த்தம். கொஞ்ச நாள்ல பழகும்" என்றார். நான் மொழிபெயர்க்க ஒன்றுமில்லாமல் ஃபேனைப் போட்டேன்.

பழகியது. பழகிய வேகம்தான் எதிர்பாராதது. அடுத்த மாதம் மாமா தனியாக ஆஸ்பத்திரிக்கு வந்தார், வெள்ளை வேட்டி சட்டையில். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நேராக டாக்டரம்மா அறைக்குள் போய், போனை மேசையில் வைத்து, ஒரு விரலால் தொட்டார்.

மெல்லிசாக, விட்டு விட்டு, ஒரு சத்தம் கேட்டது. கொதிக்கிற பாலை ஊதுகிற மாதிரி தொடங்கி, ஒரு சின்ன உறுமலில் முடிந்தது.

"ஞாயித்துக்கெழம மத்தியானம் எடுத்தது. உங்கக்கா" என்றார் என்னிடம். "இத்தன வருஷமா என் சத்தத்துல கேக்காமப் போயிடுச்சு மாப்ள. இப்பத்தான் ஊரு அமைதியா இருக்குதுல்ல."

அக்காவுக்குப் போன் போட்டேன். "நானா? போடா. அது ஃபேனு. பேரிங்கு போயிடுச்சு" என்றாள். மாமா போனை என்னிடமிருந்து வாங்கி, "ஆமாம்மா, பெரிய யோசன போல இருக்குது" என்றார். அந்தப் பக்கம் வந்த பதிலை இங்கே எழுத முடியாது.

டாக்டரம்மா சிரித்துச் சிரித்துத் தண்ணீர் குடித்தார். பிறகு மாமாவின் போனை எடுத்து, கண்ணை மூடி, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை கேட்டார். நடுவில் நிசப்தம் எங்காவது நீள்கிறதா என்று இன்னொரு தடவையும் கேட்டார். இல்லை. வெறும் மூக்கடைப்பு. மூக்கில் விட மருந்தும், ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி யோசனையும் கொடுத்தார். மாமா முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அவர் விளையாட்டுக்கு மட்டும் வரவில்லை என்று அப்போது தெரிந்தது.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். போய்ச் சேரத் தாமதமாகிவிட்டது. கதவு சும்மா சாத்தியிருந்தது. கூடத்தில் பாய் விரித்து இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மாமா குழாயும் முகமூடியுமாக மல்லாந்து கிடந்தார். நெஞ்சு ஒரே சீராக ஏறி இறங்கியது. அக்கா ஒருக்களித்துப் படுத்திருந்தாள், அவர் பக்கமாக. அவளிடமிருந்து சன்னமாக ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. ஃபேன் சத்தமே போடவில்லை.

கறியை ஃப்ரிட்ஜில் வைத்தேன். அடுப்படியில் எனக்கென்று மூடி வைத்திருந்த சோற்றைப் போட்டுக்கொண்டு, ரசம் ஊற்றிச் சாப்பிட்டேன். தட்டைக் கழுவும்போது தண்ணீர்க் குழாயைக் கொஞ்சமாகத் திறந்து வைத்துக் கழுவினேன். பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வண்டியைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய், அங்கே போய் ஸ்டார்ட் செய்தேன்.